கூதமலை ஏரிக்கு எத்தனை கிலோமீட்டர்

கூதமலை ஏரி முதன்முதலாக ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனது ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். அன்று கருங்கட்டான்பட்டியில் சந்தை நாள், தக்காளி விலையும் கருவாட்டு விலையும் பேசவே ஆட்களுக்கு வாய் போதாமல் இருந்தது, அதனால் முக்குரோட்டு மைல்கல்லில் 58 என்று இருந்தது 59 என்று ஆனதை மங்கையர்க்கரசியைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய ஜெராக்ஸ் கடை அந்தக் கல்லுக்கு நேர் எதிரே இருந்தது. நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளனாக இருந்த பரமன், கல்லுக்கு முன்னால் குந்த வைத்து உட்கார்ந்து, எட்டின் மேல் வெள்ளையைப் பூசிக் காயவிட்டு, கறுப்புப் பெயிண்டில் ஒன்பதை எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன பரமா, நம்பர மாத்துற?"

"ஏரி நகந்துருச்சுக்கா. மலைல இருக்குற கேங்மேன் காலைல போன் போட்டாரு. ரோட்டுல ஒண்ணு கல்லுல ஒண்ணுன்னு இருந்தா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க."

அது சரிதான் என்று மங்கைக்கும் பட்டது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம்தான் தானும் தன் புருஷன் கோட்டைச்சாமியும் ஒரு கோடு போட்ட நோட்டை விரித்து வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'கூதமலை ஏரி, மூன்று நாள்' என்று எழுதினார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழோடு சேர்த்து மிஷினுக்குள் வைத்து மூடிவிட்டாள்.

அந்த ஊரில் கூதமலை ஏரிக்குப் போகாதவர்கள் என்று அவர்கள் இரண்டு பேரைத்தான் சொல்ல முடியும். கல்யாணம் ஆன புதிதில், அடுத்த ஞாயிறு போகலாம் என்றான் கோட்டைச்சாமி. அந்த ஞாயிறு அவனுடைய வெல்டிங் பட்டறைக்கு ஏதோ ஒரு பஸ்ஸுக்கு பாடி கட்டும் வேலை வந்தது, அதற்கடுத்த ஞாயிறு மங்கையின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் எல்லாம் ஏரி அங்கேயேதான் இருக்கிறது, எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். அப்படியே இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையும் இல்லை, பிள்ளையைச் சாக்கிட்டுப் போவதற்கு. ஆனால் ஊரில் யார் ஏரிக்குப் போய்ப் படம் எடுத்தாலும் லேமினேஷன் போட மங்கையிடம்தான் வந்தார்கள். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் படகில் உட்கார்ந்த படம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூங்காவின் இரும்பு மான் மேல் ஏறிய படம், கம்பளிக் குல்லாய் போட்ட கிழவர் படம், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தத் தண்ணீர், ஒரே பச்சையாய், ஒரே அசைவற்று. எத்தனையோ நூறு தடவை அந்த ஏரியை அவள் சூடான பிளாஸ்டிக்குக்குள் வைத்து அழுத்தியிருக்கிறாள். ஒரு தடவைகூட அதில் கால் நனைத்ததில்லை.

போன வருஷம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. இருதயமும் பலவீனமாக இருந்ததால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் அவளுக்கு ஆகாது என்று சொல்லி, வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் நாலு, இரவு ஒன்பது என்று நாளுக்கு நாலு தடவை, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இருவரும் வாயில் துணி கட்டி, கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, வயிற்றுக்குள் கிடக்கும் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு ஒரு பை புதுத் தண்ணீரை ஏற்ற வேண்டும். கோட்டைச்சாமி அதை ஒரு நாளும் பிசகவிடவில்லை. இரும்பு வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய அவன் கைகள் அந்தக் குழாயைத் தொடும்போது மட்டும் வேறு யாருடைய கைகளோ போல இருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் மதுரை டாக்டர், வயிற்றுச் சவ்வு தளர்ந்துகொண்டு வருகிறது, தீபாவளி வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்த கோட்டைச்சாமி, ஊர் வந்ததும், "ஒனக்கு என்ன வேணும் மங்கை?" என்று கேட்டான். அவள், "ஏரியப் பாக்கணும். போனதும் திரும்பி வர்ற மாதிரி இல்ல. அங்கேயே படுத்து, முழிச்சா தண்ணி தெரியணும்" என்றாள். மறுநாள் அவன் பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய வேன் வந்து சேர்ந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, கேரவன், அதுபோல ஒன்றைத் தன் கையாலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

அப்படித்தான் அந்த நோட்டு வந்தது. கட்டில் ஒன்று, ஆறடிக்கு ரெண்டரை அடி. தூசி புகாத ரப்பர் வைத்த கதவு. கை கழுவ பேசின். பையைத் தொங்கவிடக் கொக்கி. பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. மூன்று நாளைக்குப் பன்னிரண்டு பை, கூடுதலாக நாலு. ஸ்டவ், அரிசி, நார்த்தங்காய் ஊறுகாய், ரெண்டு கம்பளி. ஏரிப் பூங்காவில் வண்டியை நிறுத்தித் தங்க அனுமதிக் கடிதம், மூன்று நகல். ஒவ்வொரு வரி எழுதியதும் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், அவள் தலையாட்டினாள், ஒவ்வொரு தலையாட்டலுக்கும் எங்கோ மேற்கே ஏரி ஒரு எட்டு பின்னால் வைத்தது.

ஆடி முடியும்போது கல்லில் 83 என்று இருந்தது. ஆவணி நடுவில் 131.

ஊர் அதை ஊருக்குரிய விதத்தில் எடுத்துக்கொண்டது. பஸ்காரர்கள் புதுக் கால அட்டவணை ஒட்டினார்கள், பிறகு ஒட்டுவதை விட்டுவிட்டு, சிலேட்டுப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார்கள். மலையிலிருந்து காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் சந்தைக்கு வரும் பேரிக்காய்கள் பழுத்து வரத் தொடங்கின, பிறகு அழுகி வரத் தொடங்கின, அப்போது சந்தைப்பேட்டையில் நாலு பேர் ஜாம் காய்ச்ச ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ புதிதாக வந்து நடுவில் விழுந்து கிடந்த நிலத்தில் வேலிக்கருவேலும் சரளைக்கல்லும்தான் இருந்தன என்றாலும், ஆட்டுக்காரர்கள் முதலில் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் மனை புரோக்கர்கள் கலர்க் கொடிகளோடு போனார்கள். மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் வைத்திருந்த ஒருவருக்கு அது பதினோரு ஏக்கராக நீண்டுவிட்டது; பதினோரு ஏக்கருக்கும் ஒரே கிணறு. அவர் பட்டாவை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் மங்கையின் கடைக்குமாக நடையாய் நடந்தார். தாசில்தார், தூரம் என்பது அந்தந்த மாதம் முதல் தேதியன்று உள்ளதே செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதையும் மங்கைதான் நகல் எடுத்தாள், நூற்று நாற்பது பிரதி. ஏரியைத் திருப்பிக் கொண்டுவா என்று பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் யாரோ பழரசம் கொடுத்து முடித்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஏரி நாளைக்கு மூன்று கிலோமீட்டர் நகர்ந்தால் என்று தொடங்கிக் காலாண்டுப் பரீட்சையில் ஒரு கேள்வி கேட்டார். ஆவணி முடிவதற்குள், ஏரி தள்ளிப்போவது வெயில் அடிப்பது போல, கரண்டு போவது போல ஒரு சங்கதி ஆகிவிட்டது, காலையில் டீக்கடைக்கு வருகிறவர்கள், "இன்னைக்கு எத்தன?" என்று கேட்பார்கள், பரமன் எண்ணைச் சொல்வான், "ம்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றுவார்கள்.

மங்கைக்கு மட்டும் அது பழகவில்லை. அவள் கடையில் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோட்டைச்சாமி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து நோட்டைத் திறக்காமல் இருந்தபோது கல் 131-லேயே நின்றதைப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு அவன் கட்டிலுக்கு ஆங்கிள் இரும்பு வெட்டிய அன்று 138 ஆனதைப் பார்த்தாள். தூரம் கூடினதால் நாள் கூடியது, மூன்று நாள் ஐந்தானது, ஐந்து எட்டானது, எட்டு நாளைக்கு முப்பத்திரண்டு பை, அதற்குப் பை வைக்கும் ராக்கில் இன்னொரு அடுக்கு. அந்த அடுக்கை அவன் வெல்டிங் வைத்த அன்று ஏரி இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போயிற்று, அதனால் இன்னொரு அடுக்கு வேண்டியதாயிற்று. பைகளுக்கு இடம் போதாமல் முதலில் ஸ்டவ் போனது, பிறகு பேசின் சிறிதானது, பிறகு கட்டிலை ஆறடியிலிருந்து ஐந்தரையாக வெட்டினான். "நீ காலக் கொஞ்சம் மடக்கிப் படுத்துக்குவேல்ல?" என்று கேட்டான். "படுத்துக்குவேன்" என்றாள்.

அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? டாக்டர் வீட்டு வாசலில் இறங்கினதிலிருந்து அந்த ஆள் நோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தான். அதைப் பிடுங்கினால் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவன் வேலை செய்தால்தான் ஏரி நகர்கிறது என்பது அவளைத் தவிரத் தெரிந்த இன்னொருத்தன் பரமன். பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் அடித்தால் மறுநாள் தனக்குக் கல்லில் வேலை இருக்கும் என்பதை அவன் எப்போதோ கண்டுகொண்டான். கண்டுகொண்டு, வாயைத் திறக்காமல் பெயிண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆனால் புரட்டாசியில் கல்லில் 400 தாண்டியபோது பஞ்சவர்ணம் அவனைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சவர்ணத்தின் மகளை ஏரிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கொடுக்கும்போது இரண்டரை மணி நேரப் பயணம், இப்போது வாரத்துக்கு ஒரே பஸ், இரண்டு நாள் ஓடுகிறது. மகள் ஏழு மாதம். வளைகாப்புக்கு எடுத்து வைத்த கண்ணாடி வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வளையல்களைப் பார்த்துக்கொண்டு எண் எழுத பரமனால் முடியவில்லை. சொல்லிவிட்டான்.

அதனால் ஒரு சனிக்கிழமை பகலில் ஊர் ஆட்கள் எட்டு பேர், ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆர்லிக்ஸ் பாட்டிலுமாக, நோயாளியைப் பார்க்க வருவது போல மங்கையின் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்கள். யாரும் தொடங்காததால் கடைசியில் பஞ்சவர்ணம்தான் தொடங்கினாள்.

"மதினி, ஒங்க மேல ஊருக்குக் கோவம் இல்ல. நெனப்பு யாருக்குத்தான் இல்ல? ஆனா எம்மவளுக்குத் தலைப்பிரசவம். மாமியாளும் இல்லாத வீடு. நீங்க ரெண்டு பேரும் போறதப் பத்தி நெனைக்கிறத ஒரு மூணு மாசம் நிப்பாட்டி வச்சீங்கன்னா, நான் போயிப் பிள்ளையக் கையில வாங்கிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் நெனைங்க. தாராளமா நெனைங்க."

மூன்று மாதம் என்று அவள் சொன்னதும் அறையில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது எவ்வளவு நீளம் என்பது பஞ்சவர்ணத்துக்கும் அப்போதுதான் உறைத்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமி எழுந்து நின்றான். "என்ன சொல்றீங்க நீங்க? நான் இரும்பு வெட்டுனா ஏரி எதுக்கு நகருது?"

அவன் பரமனைப் பார்த்தான். பரமன், "ஆமாண்ணே" என்றான். பிறகு அவன் மங்கையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளுக்கு அது ரொம்ப நாளாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எட்டு பேருக்கு முன்னால் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நிப்பாட்டிர்றோம்" என்றாள் மங்கை. "நீ மகளப் பாக்கப் போ பஞ்சவர்ணம்."

கோட்டைச்சாமி வேன் சாவியை ஆணியில் மாட்டினான். நோட்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தான். ஒரு டிராக்டர் டிரெய்லருக்குப் பக்கப்பலகை அடிக்கும் வேலையை ஒப்புக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அதிலேயே கிடந்தான். கல் நிற்கவில்லை. நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் ஆணி அடிக்க அடிக்க, மலைச்சாலையில் சரிவில் வண்டியை நிறுத்தினால் கட்டிலின் தலைமாடு தாழ்ந்துவிடுமே என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். சோறு பிசையும்போது அங்கே குளிருக்குச் சோறு விறைத்துப்போகுமே என்று வரும். மங்கைக்குப் போர்த்திவிடக் கம்பளியை உதறினால், உதறின கம்பளியிலேயே ஏரி இருக்கும். 460 ஆனது, 520 ஆனது. பஞ்சவர்ணம் மகளைப் பார்க்க பஸ் ஏறியபோது 580. பிரசவத்துக்கு அவளால் போய்ச் சேர முடியவில்லை; நடுவில் விழுந்த நிலத்தில் பஸ்கள் மாறி மாறி, இறங்கிய ஊர்களில் களை வெட்டிச் சாப்பிட்டு, அவள் போய்ச் சேர்ந்தபோது பேத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள், பாட்டியைப் பார்த்து பயந்து அழுதாள். ஆனால் அதெல்லாம் மங்கை செத்து வெகுகாலம் கழித்து நடந்தது.

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள், அரிசி எடுக்கப் போன மங்கை டின்னை நகர்த்தி நோட்டைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவன் எப்போது எழுதினான் என்று தெரியவில்லை, பென்சிலில் சின்னதாக, பிறர் கண்ணில் படக்கூடாது என்பது போல எழுதியிருந்தான். 'போக: பை 36' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'வர:' என்று ஒரு வரி. அதில் எண் இல்லை. எண் எழுதி அழித்த தடமும் இல்லை.

அவள் நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சோறு வேகும் வரைக்கும் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் பதினோரு மணிப் பை ஏற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவமா? நடக்க முடியல, வேனையே எடுங்க" என்றாள். நோய் வந்ததிலிருந்து அவள் அளந்து அளந்துதான் தண்ணீர் குடிப்பாள். டீ கேட்டது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. லுங்கியோடே சாவியை எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மீதியை அவனிடம் கொடுத்தாள். "அடுத்த ஊருல காராச்சேவு நல்லாருக்கும்னு சொல்லுவாங்கள்ல?" என்றாள். அடுத்த ஊருக்குப் போனார்கள். காராச்சேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் புது நெலத்தத்தான் நான் பாக்கவே இல்லையே" என்றாள். அவன் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தான். உடனே அவள், "இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒங்க தங்கச்சி கல்யாணத்துல எனக்கு மட்டும் எதுக்கு அந்த மயில்கழுத்துச் சேலையத் தரல?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஒங்க வீட்டு மருமகளுக எல்லாருக்கும் எடுத்தீங்க. எனக்கு மட்டும் ஊதா."

"ஊதா நீதான கேட்ட!"

"நான் எங்க கேட்டேன்? ஒங்க அம்மா கேட்டாங்க!"

அதிலிருந்து சண்டை பிடித்துக்கொண்டது. சேலையிலிருந்து பந்தியில் உட்காரவைக்காத சங்கதிக்கும், அதிலிருந்து அவளுடைய தம்பி திருப்பித் தராத சைக்கிளுக்கும் அது போயிற்று. கோட்டைச்சாமி ஸ்டியரிங்கை ஒரு கையால் குத்திக் குத்திப் பேசினான். பல மாதமாக அவளிடம் அவன் இப்படிக் கத்தவில்லை, உடைந்துவிடுவாள் என்று பயந்து மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தான். இப்போது கத்தக் கத்த அவன் மனசில் ஏரி இல்லை, பை இல்லை, கட்டில் இல்லை, ஊதாச் சேலை ஒன்றுதான் இருந்தது. மங்கை பதிலுக்குக் கத்திக்கொண்டே சாலையோரத்தைப் பார்த்தாள். 640. ஒரு மரம் தாண்டி 590. ஆட்டு மந்தை ஒன்று தாண்டி 411. கலர்க் கொடிகளும் மனைக் கற்களும் சீட்டுக்கட்டை மடக்கியது போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பின்னால் போயின. 230. 96. அவள் சைக்கிளை விட்டுவிட்டு அவனுடைய பெரியப்பாவைப் பிடித்தாள். வண்டி வளைந்து வளைந்து ஏறியது.

"எங்க பெரியப்பனப் பத்திப் பேசாத! ஒனக்கு..." என்றவன் நிறுத்தி, காதைத் தட்டிக்கொண்டான். "என்ன இது, காது அடைக்குது?"

யூகலிப்டஸ் வாசனை வந்தது. கண்ணாடியில் பனி பூத்திருந்தது. வலது பக்கம் நின்ற கல்லில் 4 என்று இருந்தது.

அப்போது கோட்டைச்சாமியின் முகம் ஒரு கணம் இருந்த விதத்தை மங்கை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது அந்த முகம் அப்படித்தான் இருந்தது. அடுத்த கணம் அவன் கண் வண்டியில் மாட்டியிருந்த கடிகாரத்துக்குப் போனது. மணி மூன்றே முக்கால்.

"ஒண்ணும் நெனைக்காதீங்க. ஓட்டுங்க."

"நெனைக்கல."

"பெரியப்பா என்ன செஞ்சாரு, சொல்லுங்க."

"பெரியப்பா..." என்றான். ஆனால் அவன் உதடுகள் வேறெதையோ முணுமுணுத்தன. நாலு மணிப் பை. பெட்டியில் பை சூடாகியிருக்குமா. இந்தக் குளிருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். கதவு ரப்பர் பின்பக்கம் விட்டிருக்கிறது. கல்லில் 9. அடுத்த வளைவில் 31.

"நான் நெனைக்கல மங்கை. சத்தியமா நெனைக்கல." அவன் அழுதுகொண்டே கியரை மாற்றினான். 77. 140. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மலை தூரத் தள்ளிப்போனது.

"ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள். "நாலு மணி ஆச்சு."

நிறுத்தினான். கதவைச் சாத்தினார்கள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கையை முழங்கை வரைக்கும் தேய்த்தார்கள். அவள் ஐந்தரை அடிக் கட்டிலில் காலை மடக்கிப் படுத்தாள். பழைய தண்ணீர் இறங்கும்போது அவன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், கலங்கியிருந்தது. அவள் அவன் பார்த்ததைப் பார்த்தாள். புதுப் பையைக் கொக்கியில் மாட்டித் திறந்துவிட்டான். துணியை அவிழ்த்தான். வேனுக்குள் இன்னும் கொஞ்சம் குளிர் மிச்சமிருந்தது.

"போயிச் சேந்திருந்தா மொத வேலையா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றாள்.

"வேணாம் மங்கை. சொன்னா இன்னும் போயிரும்."

"போகட்டும். சொல்லுங்க."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "பூங்கா கேட்டுல கடுதாசியக் காட்டிட்டு உள்ள போவேன்" என்று தொடங்கினான். "தண்ணிக்கு இருபதடி தள்ளி நெழல்ல ஒரு எடம் பாப்பேன். சக்கரத்துக்குக் கல்லு வைப்பேன். தலைமாடு தாழாம இருக்கச் செங்கல்லு ரெண்டு வச்சிருக்கேன், அத அடியில குடுப்பேன்." சொல்லச் சொல்ல அவன் குரல் நிதானப்பட்டது. கண்ணாடியில் பூத்திருந்த பனி ஓரத்திலிருந்து விலகியது. "அப்பறம் வெளிய மூணு கல்லக் கூட்டி அடுப்பு மூட்டி, வெந்நி போட்டு, ஒன் கால அந்தத் தண்ணில நனைக்கறதுக்கு முன்னாடி..." வெளியே ஒரு பக்கம் வேலிக்கருவேல் தெரிந்தது. உள்ளே புழுக்கம் வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"நிப்பாட்டாதீங்க" என்றாள் மங்கை. பை பாதி இறங்கியிருந்தது. "கட்டில எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

"தண்ணிப் பக்கம்."

வெயில் கண்ணாடி முழுக்க அடித்தது. அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கம்பளியை விலக்காமல் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடினாள்.

"அப்பறம்?" என்றாள்.